அரை மணி நேரமும் ஐந்து பேரும்

ஜனவரி 6

உற்பத்தித் திட்டம் போடும் சார் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. நோட்டீசின் அடியில் ‘உற்பத்தித் திட்டப் பிரிவு, தலைமை அலுவலகம்’ என்று இருந்தது. அதற்கு மேலே மண்புழு நெளிந்த மாதிரி ஒரு கையெழுத்து. ‘மண்புழு சார்’ என்று உறையில் எழுதினால் கடிதம் வந்து சேராது. அதனால்தான் இவ்வளவு மரியாதை.

எனக்குப் பதினைந்து வயது. என் அம்மா உங்கள் குடைத் தொழிற்சாலையில் தையல் பிரிவில் இருக்கிறாள். வீடு, பள்ளி, தெரு, எல்லா இடத்திலும் என் பட்டப்பெயர் குடைச்சல். குடை தைக்கிறவள் பெற்ற பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமாக யாரால் வைக்க முடியும்?

சனிக்கிழமை அம்மா அந்தத் தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள். கை கழுவ அவ்வளவு நேரம் ஆகாது. நான் எடுத்துப் படித்தேன். ‘மார்ச் 15 முதல் தையல் பிரிவில் பணியாளர் எண்ணிக்கை 85-லிருந்து 80 ஆகக் குறைக்கப்படும். கடைசியாகச் சேர்ந்த ஐவர் விடுவிக்கப்படுவர்.’ அம்மா கடைசியிலிருந்து ஐந்தாவது.

“ஏம்மா அஞ்சு பேரு? நாலு பேர்னா நீ தப்பிச்சிருப்பியே?”

“திட்டத்துல அப்படி வந்திருக்காம்.”

“யாரு திட்டினா?”

“போய்ப் படிக்கிற வேலையப் பாரு.”

சார், நீங்கள் திட்டம் போடுகிறவர், என் அம்மா திட்டு போடுகிறவள். ஒரே தொழில் மாதிரிதான் இருக்கிறது. அதனால் நேராகவே கேட்கிறேன்: ஏன் ஐந்து? ஏன் நாலு இல்லை, ஏன் ஆறு இல்லை?

வீட்டு விலாசத்துக்கே பதில் போடுங்கள். தபால் வரும்போது அம்மா வேலையில் இருப்பாள். போன் நம்பர் கேட்காதீர்கள். என் போன் அம்மாவின் அலமாரியில் சிறையில் இருக்கிறது. செய்த குற்றம் இந்தக் கடிதத்துக்குத் தேவையில்லாதது.

இப்படிக்கு,
குடைச்சல்

*

ஜனவரி 14

மாணவிக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. பணியாளர் தொடர்பான விஷயங்களை வெளியாருடன் விவாதிக்க இப்பிரிவுக்கு அனுமதி இல்லை. தங்கள் தாயார் தொழிற்சாலை நிர்வாகத்தை அணுகலாம்.

உற்பத்தித் திட்டப் பிரிவு

பின்குறிப்பு: நான் சார் அல்ல. அது மண்புழுவும் அல்ல.

இன்னொரு பின்குறிப்பு: உறையை ஒட்டியபின் மறுபடி பிரித்து இதை எழுதுகிறேன். பதினோரு வருடமாக இந்த நாற்காலியில் இருக்கிறேன். ‘எப்போது’ என்று கேட்பார்கள், ‘யார்’ என்று கேட்பார்கள். ‘ஏன் நாலு இல்லை, ஏன் ஆறு இல்லை’ என்று யாரும் கேட்டதில்லை. நாளொன்றுக்கு வேண்டிய குடைகள் 1,360. ஒருவர் ஒரு நாளில் தைப்பது 17. வகுத்துப் பார்.

*

ஜனவரி 18

சார் அல்லாதவருக்கு,

வகுத்தேன். எண்பது. மீதி பூஜ்யம். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. ஒரு தசமப் புள்ளியாவது வந்திருந்தால் அதில் கால் வைத்து ஏறியிருப்பேன்.

முதலில் ஒரு முக்கியமான விஷயம். உங்களை அக்கா என்பதா, அத்தை என்பதா, மேடம் என்பதா? வயதைச் சொன்னால் தீர்ப்புச் சொல்கிறேன்.

அடுத்து, 1,360 எங்கிருந்து வந்தது? மழை என்ன உங்களிடம் முன்பதிவு செய்துவிட்டா பெய்கிறது? இன்னொன்று: வெயில் மண்டையைப் பிளக்கும் மாதங்களிலும் அம்மா தினமும் அதே எண்ணிக்கைக் குடை தைக்கிறாள். வாங்க ஆளே இல்லாதபோது எதற்கு? மழை வரும்போது தைத்தால் போதாதா? அம்மாவிடம் கேட்டேன். “குடோன்ல போய்த் தூங்கும், மழைக்கு எழுந்திருக்கும்” என்றாள். எனக்குத் தெரிந்து அப்படித் தூங்க முடிகிற ஒரே இடம் எங்கள் வரலாறு வகுப்பு.

அப்புறம் ஒரு சந்தேகம். பூப்போட்டது, கறுப்பு, குழந்தைக் குடை, தாத்தாக்களின் பெரிய குடை, எல்லாம் சேர்த்தா 1,360? பூப்போட்ட துணி வழுக்கும், இரண்டு தடவை ஊசி குத்த வேண்டும் என்று அம்மா சொல்வாள். உங்கள் தாளில் அது எங்கே இருக்கிறது?

கடைசியாக, அந்த 17. யார் எண்ணினார்கள்? நீங்கள் வந்து பார்த்தீர்களா?

குடைச்சல்

*

ஜனவரி 27

குடைச்சலுக்கு,

நாற்பத்தொன்று. தீர்ப்பை நீயே சொல்.

இதையெல்லாம் நான் எழுதக் கூடாது. மதிய இடைவேளையில் எழுதுகிறேன், அலுவலகத் தாளில் அல்ல.

மழை முன்பதிவு செய்வதில்லை. கடைக்காரர்கள் செய்கிறார்கள். போன ஐந்து வருட விற்பனையை வைத்து ஒரு வருடத்துக்கு 3,26,400 குடை என்று கணித்தோம். வேலை நாட்கள் 240. நாளுக்கு 1,360.

வெயிலில் ஏன் தைக்கிறோம் என்றால், எனக்கு முன்னால் இருந்தவர் மழையைத் துரத்துகிறவர். மழைக்காலத்துக்கு 140 பேரை எடுப்பார், வெயில் வந்ததும் 40 பேரை வைத்துக்கொண்டு மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். கிடங்கு காலியாக இருக்கும், வாசலில் ஆள் வரிசை நீளும். நான் வந்ததும் அதை மாற்றினேன். வருடம் முழுக்க அதே ஆட்கள், தினமும் அதே அளவு வேலை, மிஞ்சுவது கிடங்குக்கு. கிடங்கு வாடகை கூடியது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பருவத்துக்குப் பருவம் யாரையும் அனுப்ப வேண்டியதில்லை. இந்த வேலையில் நான் பெருமைப்படுவது அது ஒன்றுக்குத்தான்.

நிறம், பூ எதுவும் என் தாளில் கிடையாது. இரண்டு குழந்தைக் குடை சேர்ந்தால் ஒரு குடை, பெரியது ஒன்று என்பது ஒன்றே கால். எல்லாவற்றையும் ஒரே அலகாக்கினால்தான் ஒரு வருடத்தை ஒரே பக்கத்தில் பார்க்க முடியும். அதே தாளில் ‘ஆள்’ என்று ஒரு வரிசை இருக்கிறது. அதிலும் பெயர் கிடையாது.

17 பற்றி: மார்ச்சிலிருந்து புது மாதிரி வருகிறது. எட்டுத் துணித் துண்டுக்குப் பதில் ஆறு. பழைய குடையில் ஆளுக்கு 16 கிடைத்தது. துண்டு குறைந்தால் வேகம் கூடும் என்று எதிர்பார்த்தோம், கூடியது. நவம்பர் 19-ஆம் தேதி இருபது பேரை வைத்து ஒரு நாள் சோதனை நடந்தது. ஒரு ஷிப்டு, 340 குடை. சூப்பர்வைசர் எண்ணி அனுப்பினார். நான் வரவில்லை. நான் அந்தத் தொழிற்சாலையை இதுவரை பார்த்ததே இல்லை.

*

பிப்ரவரி 1

அக்கா,

(தீர்ப்பு: அக்கா. பழைய கடிதங்களில் உள்ள ‘சார்’ எல்லாவற்றையும் திருத்திப் படிக்கவும்.)

நீங்கள் சொன்ன துரத்தல் முறை எனக்கு நன்றாகப் புரிந்தது. என் வீட்டுப்பாடம் அப்படித்தான் நடக்கிறது. வாரம் முழுக்க ஆள் குறைப்பு, ஞாயிறு சாயந்திரம் மழைக்காலம்.

பெயர் இல்லாத வரிசை பற்றி ஒரு பக்கம் சண்டை எழுதி வைத்திருந்தேன். கிழித்துவிட்டேன். இப்போது அதற்கு நேரமில்லை.

அது நவம்பர் 19 தானா? 18 இல்லையே? 20-ஆக இருக்க முடியாதா? உங்கள் மண்புழு கையெழுத்தில் 8-ம் 9-ம் ஒரே மாதிரிதான் இருக்கும் போல.

சும்மா கேட்கிறேன். என் தோழி ஒருத்திக்கு ஒரு சந்தேகம். ஒரு தொழிற்சாலையில் எல்லோரும் செல்போனை வாசல் அறைப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். குடைத்துணி சிக்கி இழுபடும் என்று வளையல், வாட்ச் எதுவும் கையில் இருக்கக் கூடாது. தையல் கூடத்தில் கடிகாரமே கிடையாது. வாசல்காரர் தன் அறைக் கடிகாரத்தைப் பார்த்துச் சங்கு ஊதினால் ஐந்து மணி. அன்றைக்கு நாள் முழுக்க மேகமூட்டம், மூன்று மணிக்கே விளக்குப் போட வேண்டிய இருட்டு. இப்படி இருக்கும்போது அந்தக் கடிகாரம் ஒரு அரை மணி பின்னால் ஓடினால் உங்கள் தாளில் என்ன ஆகும்?

தோழிதான் கேட்கிறாள். அவள் கொஞ்சம் அசடு.

*

பிப்ரவரி 8

குடைச்சலுக்கு,

நவம்பர் 19. படிவத்தை எடுத்து இரண்டு முறை பார்த்தேன்.

உன் தோழிக்கு என் பதில். ஒரு ஷிப்டு என்றால் 480 நிமிடம். அரை மணி கூடினால் 510. எட்டரை மணி நேரத்தில் 340 என்றால், எட்டு மணிக்கு 320. இருபது பேர், ஆளுக்கு 16. நாளுக்கு வேண்டிய 1,360-ஐப் பதினாறால் வகுத்தால் 85.

அதாவது அரை மணி நேரம் என்பது ஐந்து பேர். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இதைப் போட்டுப் பார்த்ததும் பேனாவை மூடிவிட்டு ஜன்னலோரம் போய் நின்றேன்.

நான் அனுப்பும் படிவத்தில் ‘ஷிப்டு’ என்ற கட்டம் இருக்கிறது. தொடங்கிய நேரம், முடிந்த நேரம் என்ற கட்டங்கள் இல்லை. அந்தப் படிவத்தைத் தயாரித்தது நான். ஷிப்டு என்றால் எட்டு மணி என்று எல்லோருக்கும் தெரியுமே, எதற்குத் தனியாகக் கேட்பது என்று விட்டுவிட்டேன்.

இனித் தோழி வேண்டாம். நடந்ததை எழுது. திட்டத்தில் மேலாளர் கையெழுத்தாகிவிட்டது. மார்ச் 15-க்கு ஐந்து வாரம்தான் இருக்கிறது.

*

பிப்ரவரி 11

அக்கா,

இதை ஆறு தடவை தொடங்கினேன். ஐந்து தடவை ஜோக்கில் தொடங்கியது. இது ஆறாவது.

எங்கள் பள்ளியில் ஆசிரியர் அறைக் கதவில் ‘தள்ளவும்’, ‘இழுக்கவும்’ என்று ஸ்டிக்கர் இருக்கும். நான் அவற்றை இடம் மாற்றி ஒட்டினேன். நாலு நாள் எல்லோரும் கதவோடு குத்துச்சண்டை போட்டார்கள். ஐந்தாம் நாள் தலைமையாசிரியை கை நிறைய விடைத்தாளோடு வந்து ‘தள்ளினார்’. தாள் எல்லாம் பறந்தது, நான் மாட்டினேன். ‘நவம்பர் 19 அன்று பெற்றோரைச் சந்திக்கும் நாள். தாயார் அவசியம் வரவும். ஐந்தரை வரை இருப்பேன்’ என்று கடிதம் வந்தது. ஐந்துக்குச் சங்கு, ஐந்தேகாலுக்குப் பஸ், ஐந்து இருபத்தைந்துக்குப் பள்ளி. அம்மா விரலில் எண்ணிச் சொன்னாள்.

எங்களுக்கு அன்று அரை நாள்தான் பள்ளி. வீட்டுக்கு வந்தால் அம்மாவின் கண்ணாடி மேசையில் கிடந்தது. கண்ணாடி இல்லாமல் அவளால் ஊசியில் நூல் கோக்க முடியாது. எடுத்துக்கொண்டு ஓடினேன். வாசல்காரர், “இரும்மா, நானே குடுத்துட்டு வரேன்”னு உள்ளே போனார். அறையில் நான், ஒரு நாற்காலி, சுவரில் கடிகாரம்.

அரை மணி பின்னால் தள்ளினேன். அவ்வளவுதான். அம்மா போவதற்குள் பள்ளி பூட்டியிருக்கும், நான் தப்பிப்பேன் என்பது என் திட்டம். என் தாளிலும் அம்மாவின் பெயர் இல்லை. ‘ஆள்: 1, தாமதம்: 30 நிமிடம்’, அவ்வளவுதான்.

அம்மா அன்று நனைந்துகொண்டு வந்தாள். குடைத் தொழிற்சாலையிலிருந்து வருகிறவள் நனைந்து வந்தாள் என்று அதற்கும் ஒரு ஜோக் சொன்னேன். பஸ் போய்விட்டது, பள்ளிக்கு நடந்தே போனாளாம், கதவு பூட்டியிருந்ததாம். மறுநாள் என் டைரியில் தலைமையாசிரியை ‘தாயாருக்கு அக்கறை இல்லை’ என்று எழுதியிருந்தார். அம்மா அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டாள். என் போனை வாங்கி வைத்துக்கொண்டாள்.

வாசல்காரர் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்துப் புதிது போட்டாராம்.

இப்போது நீங்கள் என்ன செய்வீர்கள்?

*

பிப்ரவரி 19

குடைச்சலுக்கு,

முதலில் நான் செய்தது சந்தேகப்பட்டது. தாயாரின் பெயர் பட்டியலில் இருக்கிறது, மகள் ஊரறிந்த குறும்புக்காரி. அந்த அரை மணியை அவள் இப்போது கண்டுபிடித்தாள் என்று மேலாளர் சொன்னால் என்னிடம் பதில் இல்லை. கதவு ஸ்டிக்கரை மாற்றியவள் கதையை மாற்றமாட்டாளா?

ஆனால் நீ எழுதியதில் ஒன்று எனக்கு உதவியது. எல்லோரும் வெளியே போகும்போது வாசலில் போனைத் திரும்ப வாங்குகிறார்கள். வாங்கினால் கையெழுத்துப் போட வேண்டும், நேரம் குறிக்க வேண்டும். கையில் போன் வந்தபிறகு யார் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார்கள்? வாசல் பதிவேட்டின் நவம்பர் 19-ஆம் தேதிப் பக்கத்தின் நகலைக் கேட்டு வாங்கினேன். எண்பத்தைந்து கையெழுத்து. மற்ற நாளெல்லாம் 5.03, 5.05 என்று இருக்கிறது. அன்று முதல் கையெழுத்தே 5.32.

மேலாளரிடம் பக்கத்தை நீட்டி, என் எண் தவறு, என் படிவம் தவறு என்று சொன்னேன். பதினோரு வருடத்தில் முதல் தடவை. அவர் சத்தம் போடவில்லை, அதுதான் சங்கடமாக இருந்தது. மார்ச் 3-ஆம் தேதி மறு சோதனைக்கு ஒப்புக்கொண்டார். இந்த முறை நானே வருகிறேன். ஆனால் கூடவே, “பதினாறே வந்தாலும் என்ன? அன்னைக்கு எட்டரை மணி நேரம் செஞ்சாங்க இல்ல? எண்பது பேரும் தினமும் அரை மணி கூடுதலாச் செய்யட்டும். கணக்கு சரியாப் போச்சு” என்றார்.

ஆக, உன் விளையாட்டை அவர் சட்டமாக்கிவிடுவார் போலிருக்கிறது.

இன்னொரு விஷயம். கடிகாரம் ஏன் பின்னால் போனது என்று நான் அறிக்கையில் எழுத வேண்டும். ‘பேட்டரி’ என்று எழுதினால் உன் பெயர் வராது. வாசல்காரருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போகும். வேறு எப்படி எழுதுவது என்று நீ சொல்லும்வரை அந்த வரியைக் காலியாக விட்டிருக்கிறேன். உன் அம்மாவுக்குத் தெரியாமல் அதை நிரப்பமாட்டேன்.

*

பிப்ரவரி 24

அக்கா,

சொல்லிவிட்டேன்.

அம்மா துணி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சூடான பொருள் கையில் இருக்கும்போது இதைச் சொல்வது புத்திசாலித்தனமா என்று யோசித்தேன். ஆனால் அவள் கை சும்மா இருக்கும் நேரம் என்று ஒன்று எங்கள் வீட்டில் இல்லை. கடிகாரம், பள்ளி, நீங்கள், 17, 16, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன்.

அவள் சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டு முடித்தாள்.

“வாசல்காரர் அன்னைலேர்ந்து என்னைப் பார்க்கிறப்பல்லாம் மன்னிப்பு கேக்கிறாரு. தெரியுமா உனக்கு?”

“தெரியாது.”

“வாரா வாரம் தன் கைக்காசுல புது பேட்டரி போடுறாரு. எல்லாரும் அவரை ‘பேட்டரி’ன்னுதான் கூப்பிடுறாங்க. நானும்.”

இஸ்திரி போட்ட சட்டையை நானே எடுத்து மடித்தேன். நீங்கள் நம்பமாட்டீர்கள்.

“அன்னைக்கு எத்தனை பேரு இருந்தோம்?”

“எண்பத்தஞ்சு.”

“ஆளுக்கு அரை மணி எடுத்திருக்க. திருப்பிக் குடு.”

“எப்படிம்மா?”

“அது உன் பாடு. திட்டம் போடுற அக்காவைத்தான் சிநேகம் பிடிச்சு வச்சிருக்கியே.”

எண்பத்தைந்து அரை மணி என்றால் நாற்பத்திரண்டரை மணி நேரம். வாசல்காரரையும் சேர்த்தால் நாற்பத்து மூன்று. துரத்தல் முறையில் ஒரே வாரத்தில் முடித்துவிடலாமா என்று பார்த்தேன். செத்துவிடுவேன். அதனால் உங்கள் முறைதான். நாளுக்கு ஒருவர், அரை மணி, 86 நாள். கிடங்கில் சேர்த்துவைக்கத்தான் முடியாது.

அறிக்கையில் உண்மையை எழுதுங்கள். ‘பணியாளர் ஒருவரின் மகள் கடிகாரத்தைத் திருப்பினாள்’ என்று. வாசல்காரர் மேல் தப்பு இல்லை என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். ‘அம்மா வேலை போனா போகட்டும், அவரு பேரு போகக் கூடாது’ என்று அம்மா சொல்லச் சொன்னாள். முதல் பாதி எனக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் எழுதிவிட்டேன்.

இப்போது உங்கள் மேலாளருக்கு. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது, ஆனாலும் கேட்கிறேன். எண்பது பேருக்கு அரை மணி என்றால் நாற்பது மணி நேரம். ஐந்து பேருக்கு எட்டு மணி என்றாலும் நாற்பது மணி நேரம். அதே நாற்பதுதான். ஆனால் கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்று அம்மா சொல்கிறாள். அப்படியென்றால் எண்பது மணிக் கூலி கொடுத்து நாற்பது மணி வேலை வாங்கத்தான் அவர் ஐந்து பேரை அனுப்புகிறாரா? நான்கூட இவ்வளவு பெரிய குறும்பு செய்ததில்லை.

*

மார்ச் 6

குடைச்சலுக்கு,

உனக்கு முதலில் முடிவு வேண்டும். தெரியும். பொறு.

நான் வந்தேன். தையல் கூடம் என் தாளில் ஒரு வரி. நேரில் அது நாற்பது அடி நீளம், கம்பி உரசும் சத்தம், புதுத் துணி வாசனை. அறுபத்தைந்து பேர் பழைய குடை தைக்க, சோதனைக்கு வந்த இருபது பேர் புதுக் குடையோடு உட்கார்ந்தார்கள். கையில் என் வாட்சோடு நேரம் பார்க்கத்தான் வந்திருந்தேன். ஆனால் காலையில் நுழையும்போதே வாசல்காரர், “அதைக் கழற்றணும் மேடம்” என்றார். தொழிற்சாலை விதியை நானே மீற முடியுமா? கழற்றிக் கொடுத்துவிட்டு, நாள் முழுக்க அவர் அறையிலேயே அந்தக் கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். இரண்டு முறை டீ கொடுத்தார். மூன்று முறை மன்னிப்புக் கேட்டார். அவர் மேல் தவறில்லை என்று பெரிய எழுத்தில் எழுதிய தாளைக் காட்டினேன். படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நகல் எடுக்க மறுபடி கேட்டு வாங்க வேண்டியதாயிற்று.

இருபது பேரில் உன் அம்மாவும் இருந்தாள். இந்த எண்ணிக்கை எதற்கு என்று அவளுக்குத் தெரியும். மெதுவாகத் தைத்திருந்தால் யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது, நான் உட்பட. சங்கு ஊதியதும் எண்ணினோம். உன் அம்மா தைத்தது பத்தொன்பது. அந்த இருபது பேரில் அதுதான் அதிகம்.

மற்றவர்களும் கொஞ்சம் வேகமாகத் தைத்திருந்தால் சராசரி பதினேழைத் தொட்டுவிடும். எல்லாம் வீண். சூப்பர்வைசர் கூட்டிக் கூட்டிப் பார்த்தார். 322.

ஆளுக்குப் பதினாறு, மேலே இரண்டு குடை. பதினாறு என்று எழுதினேன்.

மறுநாள் மேலாளர் கூடுதல் நேரத்தை மறுபடி எடுத்தார். உன் நாற்பது மணிக் கணக்கை நானும் முன்பே போட்டு வைத்திருந்தேன், ஒரு முழுப் பக்க அட்டவணையாக. அவர் அதைப் பாதியில் மூடிவிட்டார். அப்போது உன் கடிதத்தை எடுத்துக் கடைசிப் பத்தியை வாசித்தேன். ‘இவ்வளவு பெரிய குறும்பு’ என்ற இடத்தில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே, “யாரு இது?” என்றார். கடிகாரத்தைத் திருப்பின பெண் என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

85. பட்டியல் ரத்து. நோட்டீஸ் தனியாக வரும்.

அந்த நவம்பர் பக்கத்தின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் ‘குறிப்பு’ என்று ஒரு ஓரம் உண்டு, எல்லோரும் காலியாக விடுவது. 61-வது கையெழுத்துக்கு எதிரே மட்டும், காலையில் போனை வைக்கும்போதே எழுதிய இரண்டு வரி இருக்கிறது: ‘பொண்ணு ஸ்கூலுக்குப் போகணும். அஞ்சரைக்குள்ள போகணும்.’ அதை என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். யாரிடமும் சொல்லாதே.

*

மார்ச் 20

அக்கா,

இன்று இருபத்தைந்தாம் நாள். உங்களுக்கு முறைப்படி ஓர் உற்பத்தி அறிக்கை.

முடித்தது இருபத்து நாலு அரை மணி. ஒரு அக்காவின் பையனுக்குப் பின்னம் சொல்லிக் கொடுத்தேன். அவன் இப்போது என்னைவிடக் குழம்பியிருக்கிறான். ஒரு அண்ணனுக்கு வங்கி வரிசையில் நின்றேன். இன்னொரு அக்காவுக்காக அவர் மாமியாரோடு அரை மணி நேரம் போனில் பேசினேன். அதைக் கூடுதல் நேரமாகக் கருதி இரண்டு நாளாகக் கழிக்கும்படி அம்மாவிடம் மனுப் போட்டிருக்கிறேன். பரிசீலனையில் உள்ளது. நம்பிக்கையில்லை.

அம்மா ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கு வந்தாள். நான் தலைமையாசிரியை முன்னால் நின்று கடிகாரக் கதையை முழுதாகச் சொன்னேன். டைரியில் ‘அக்கறை இல்லை’ என்பதை அவரே அடித்துக் கையெழுத்துப் போட்டார். என் பெயருக்கு நேராகப் புதிதாக ஒன்று எழுதினார். அதை உங்களிடம் சொல்லமாட்டேன்.

எத்தனையோ தடவை கேட்டும் வாசல்காரர் மட்டும், “எனக்கு எதுவும் வேணாம்மா” என்றே சொல்லிக்கொண்டிருந்தார். விடுவேனா? என் பட்டப்பெயர் என்ன? நேற்று ஒருவழியாக ஒத்துக்கொண்டார்.

“சரி, நாளைக்கு நாலரைக்கு வா. அஞ்சு வரைக்கும் என் ரூம்ல உக்காரு.”

“உக்காந்து?”

“உக்காந்து எதையும் தொடாம இரு. அது போதும்.”

அதனால்தான் அக்கா, இந்தக் கடிதம் அவர் அறையிலிருந்து. தாளையும் பேனாவையும் மட்டும் தொடலாம் என்று தனியாக அனுமதி வாங்கினேன். எதிரே கடிகாரம். அரை மணி நேரம் இவ்வளவு நீளமா? முள் நகருவதே தெரியவில்லை. நான் ஒரே தள்ளில் தள்ளியது இவ்வளவையா? அம்மா அன்று இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, பள்ளிக்குப் போக நேரமிருக்கிறது என்று நம்பிக்கொண்டு, ஊசி குத்திக்கொண்டிருந்திருக்கிறாள்.

நேற்று அவளிடம் கேட்டேன், சோதனை நாளில் கொஞ்சம் மெதுவாகத் தைத்திருக்கலாமே என்று. “ஒரு வீட்டுக்கு ஒரு கடிகாரக்காரி போதும்” என்றாள்.

போன் இன்னும் அலமாரியில்தான். எனக்கும் அவசரமில்லை, நீங்கள் கடிதத்திலேயே வாருங்கள். உங்கள் திட்டத்தில் அந்த ‘ஆள்’ வரிசைக்குக் கேட்க ஒன்று வைத்திருக்கிறேன், ஆனால் இப்போது வாசல்காரர் எழுந்து

ஊதுகிறார். கடிகாரத்தில் ஐந்து. பெட்டியில் முப்பது போன் ஒரே நேரத்தில் அலாரம் அடிக்கிறது, அவற்றிலும் ஐந்து. கதவு திறந்தாயிற்று. அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே வருகிறாள். இன்னும் என்னைப் பார்க்கவில்லை.

நான் எதையும் தொடவில்லை.